ஓர் இடத்தின் மேல் படம் வைப்பவர் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

தெருவிளக்கு எழுதியது:

வணக்கம். மிகை மெய்ம்மை குறித்து இந்தக் களத்தில் இதுவரை நடந்த உரையாடல்கள் பெரும்பாலும் எந்தக் கண்ணாடியை வாங்கலாம், எந்தக் கைப்பேசியில் அது தடங்கலின்றி ஓடும் என்பதோடு நின்றுவிட்டன. (ஏஆர் என்று எல்லோரும் சொல்வதைத்தான் அப்படி எழுதுகிறேன்: கைப்பேசியிலோ மூக்குக்கண்ணாடியிலோ பார்க்கும்போது, உண்மையான இடத்தின் மேல் கணினிப் படம் ஒன்று இருப்பதுபோல் காட்டும் நுட்பம். வேறு கலைச்சொல் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். சொல்லுக்காகச் சண்டையிடத் தனி இழை இருக்கிறது.) எனக்கு நெடுநாளாக உள்ள கேள்வி வேறு. ஓர் இடத்தைத் தொடாமலேயே அதன் மேல் ஒரு படத்தையோ எழுத்தையோ விளையாட்டுப் பொருளையோ ஒருவர் வைத்துவிட முடியும் என்றால், அதற்கு அவர் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

2016 ஜூலையில், உண்மையான இடங்களுக்கு நடந்துபோய் ஆடும் போக்கிமான் கோ என்ற கைப்பேசி விளையாட்டு வெளியான சில நாள்களிலேயே, வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் தன் கூடங்களுக்குள் வந்து விளையாட வேண்டாம் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. போலந்தில் உள்ள ஆஷ்விட்ஸ் நினைவிடமும் அதே வேண்டுகோளை விடுத்தது. ஹிரோஷிமா நகர நிர்வாகம், அணுகுண்டு வீசப்பட்ட ஆகஸ்ட் 6ஆம் நாள் நினைவு நிகழ்ச்சிக்கு முன்பாக அமைதிப் பூங்காவிலிருந்து விளையாட்டின் நிறுத்தங்களை, அதாவது ஆட்டக்காரர்கள் நேரில் வந்து ஆடுவதற்காக வரைபடத்தில் குறித்த இடங்களை, நீக்கும்படி கோரியது. அவை நீக்கவும் பட்டன. மூன்று இடங்களிலும் வரிசை ஒன்றுதான். முதலில் படம் வந்தது, பின்பு ஆட்கள் வந்தார்கள், அதற்கும் பிறகுதான் அந்த இடத்தைக் காத்துவருபவர்களுக்குச் செய்தியே தெரிந்தது.

நம் ஊரில் மதில் கட்டி வெள்ளையடித்த மறுநாளே ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதிவைக்கிறோம். எழுதியும் ஒட்டுகிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் ஒட்டியவர் செய்தது தவறு என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒட்டுதலுக்கு மட்டும் அந்த அடிப்படை ஏன் பொருந்தக் கூடாது? இடத்தின் உரிமையாளரிடமோ பராமரிப்பவரிடமோ முன் அனுமதி பெறாமல் எந்தப் படத்தையும் அங்கே பொருத்தக் கூடாது என்று சட்டம் இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

வாய்தா எழுதியது:

காரணத்தோடு மறுக்கிறேன், நண்பரே. உங்கள் மதில் உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் நிலத்தின் உரிமை அதன் மேலுள்ள எல்லாவற்றுக்கும் நீளும் என்ற எண்ணத்தை அது சொல்லாமலே கொண்டுவந்துவிடுகிறது. அந்த எண்ணம் பழையது. நிலம் யாருடையதோ வானம் வரை அவருடையதே என்று ஒரு காலத்தில் சட்டமே சொன்னது. விமானம் வந்த பிறகு அது நிற்கவில்லை. 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த காஸ்பி வழக்கைப் பாருங்கள். வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோவுக்கு அருகே கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவரின் நிலத்துக்கு மேலே, ஏறத்தாழ 83 அடி உயரத்தில் ராணுவ விமானங்கள் பறந்து பக்கத்து விமானத்தளத்தில் இறங்கின. அஞ்சிப் பறந்த கோழிகள் சுவரில் மோதி 150 வரை செத்தன. பண்ணையையே மூட வேண்டியதாயிற்று. வானம் வரை உரிமை என்ற கோட்பாட்டுக்கு இன்றைய உலகில் இடமில்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆயினும், நிலத்தைப் பயன்படுத்தவே முடியாதபடி அவ்வளவு தாழ்வாகப் பறந்தால் அது நிலத்தைப் பறித்ததற்குச் சமம் என்றும் சேர்த்துச் சொன்னது. அதாவது, மேலே என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, கீழே இருப்பவருக்கு என்ன நேர்ந்தது என்பதை நீதிமன்றம் அளந்தது.

இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. 2002இல் வெளியான ஸ்பைடர்மேன் திரைப்படத்தில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கம் வரும் காட்சிகளில், கட்டடங்களின் மேல் உண்மையில் இருந்த விளம்பரங்களுக்குப் பதிலாக வேறு விளம்பரங்களைக் கணினியில் பொருத்தினார்கள். கட்டட உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். படப்பிடிப்புக்காகக் கட்டடங்களின் மேல் லேசர் கதிரைப் பாய்ச்சி அளவெடுத்ததும் அத்துமீறலே என்று வாதிட்டார்கள். அந்தக் கட்டடங்களின் மேல் இரவும் பகலும் ஒளி பட்டுத் திரும்பிக்கொண்டுதானே இருக்கிறது என்ற போக்கில் கூறி, மாவட்ட நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. மேல்முறையீட்டில் அத்துமீறல் பற்றிய பகுதி அதிகார வரம்பைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்டதால் இதை முடிந்த முடிபாக நான் சொல்லமாட்டேன். எனினும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிகிறது.

முன் அனுமதிச் சட்டத்தை ஓர் ஊர் முயன்றும் பார்த்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி மாவட்டத்தில் லேக் பார்க் என்ற பூங்காவில் 2016 கோடையில் கூட்டம் தாங்கவில்லை; புல்வெளி மிதிபட்டது, குப்பை குவிந்தது. 2017இல் மாவட்ட நிர்வாகம், பூங்காக்களில் இத்தகைய விளையாட்டை அமைப்பவர்கள் முன்னதாகவே உரிமம் பெற வேண்டும் என்று விதி செய்தது. ஒரு சிறிய விளையாட்டு நிறுவனம் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. விளையாட்டை வெளியிடுவது பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று கருதிய நீதிபதி, அதே ஆண்டு ஜூலையில் அந்த விதிக்கு இடைக்காலத் தடை விதித்தார். குப்பை போடுபவரைத் தண்டிக்க வேறு விதிகள் இருக்கும்போது, வெளியீட்டையே ஏன் தடுக்க வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். எனக்கும் அதில் மறுப்பில்லை.

நங்கூரம் எழுதியது:

இரண்டு பேரும் சட்டத்தின் மொழியில் பேசுகிறீர்கள். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தப் படம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும், மீதிப் பாதி புதிதாகத் தொடங்கும்.

கைப்பேசியின் கேமரா ஒரு காட்சியைப் பார்க்கும்போது, அதில் மூலைகள், புள்ளிகள், நிறம் திடீரென மாறும் ஓரங்கள் ஆகியவற்றை மென்பொருள் நூற்றுக்கணக்கில் குறித்துக்கொள்கிறது. நீங்கள் ஓர் அடி நகரும்போது அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு நகர்ந்தன என்பதையும், கைப்பேசிக்குள் இருக்கும் அசைவு உணரிகள் சொல்வதையும் சேர்த்து, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், தரை எங்கே, சுவர் எங்கே என்று நொடிக்குப் பலமுறை கணக்கிடுகிறது. அந்தக் கணக்கின் மேல்தான் படம் நிற்கிறது. 2017இல் ஆப்பிள் ஏஆர்கிட்டை வெளியிட்ட பிறகு இது சாதாரணக் கைப்பேசிகளுக்கே கைவந்தது.

ஒரு கடைக்காக, சோபாவை வாங்கும் முன் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்க்கும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். சோதித்துப் பார்த்ததில், பழைய வீடுகளின் மொசைக் தரையில் சோபா ஆணியடித்ததுபோல் நின்றது. புதிய அடுக்ககங்களில் கண்ணாடிபோல் மின்னும் வெள்ளை டைல்ஸ் தரையில் அதே சோபா மெல்ல நழுவிச் சுவருக்குள் போயிற்று. மொசைக்கில் பொடிக்கற்கள் ஆயிரம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மென்பொருளுக்கு ஒரு பிடி. பளபளக்கும் டைல்ஸில் இருப்பது விளக்கின் பிம்பம் மட்டுமே. நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. பாட்டி காலத்துத் தரையைப் பெயர்க்காதீர்கள் என்று சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே தொழில்நுட்பக் காரணம் இது.

செய்திக்கு வருகிறேன். படம் அந்த இடத்தில் இல்லவே இல்லை. அது எங்கோ ஒரு சேவையகத்தில், இந்த இடக்குறிப்புக்கு இந்தப் படம் என்று எழுதப்பட்ட ஒரு பதிவு. ஒரே மதிலின் முன் பத்துப் பேர் பத்துச் செயலிகளோடு நின்றால் பத்து வேறு படங்களைப் பார்ப்பார்கள். ஒன்று மற்றொன்றை மறைப்பதில்லை, மதிலில் பசையும் படிவதில்லை. மதிலில் உள்ள இடம் எல்லையுள்ளது என்பதால்தான் அதில் ஒட்டுவது தவறாகிறது. இந்தப் படலங்களுக்கு எல்லையே கிடையாது. எனவே தெருவிளக்கு கேட்கும் முன் அனுமதி, செயல்படுத்த முடியாதது என்பதோடு பொருந்தாததும் ஆகும்.

முட்டைவேட்டை எழுதியது:

நான் போக்கிமான் கோவை நெடுங்காலம் ஆடியவன் என்பதால், அந்த இடங்கள் எப்படித் தேர்வாயின என்பதைச் சொல்ல வேண்டும். தெருவிளக்கு ஐயா எழுதியிருப்பதைப் படித்தால், யாரோ ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து வரைபடத்தில் நினைவிடங்களாகப் பார்த்துப் புள்ளி வைத்ததுபோல் தோன்றுகிறது. நடந்தது கிட்டத்தட்ட நேர்மாறானது.

போக்கிமான் கோவை உருவாக்கிய நியான்டிக், 2012இலேயே இன்கிரஸ் என்ற விளையாட்டை நடத்தியது. அதன் நிறுவனர் ஜான் ஹாங்கே அதற்கு முன் நடத்திய கீஹோல் நிறுவனத்தின் மென்பொருள்தான் கூகுள் வாங்கிய பின் கூகுள் எர்த் ஆனது. நிலப்படத்தோடு வாழ்ந்த மனிதர். இன்கிரஸில் இடங்களைப் பரிந்துரைத்தவர்கள் ஆட்டக்காரர்களே. சிலை, சுவரோவியம், கல்வெட்டு, பழைய கட்டடம் என்று தங்கள் ஊரில் பார்க்கத்தக்கவை எனக் கருதியவற்றைப் படம் எடுத்து, நாலு வரி எழுதி அனுப்பினார்கள். அந்தப் பட்டியல்தான் பின்னர் போக்கிமானுக்கு அடித்தளமாயிற்று. நினைவுச் சின்னங்கள் அதில் மிகுந்திருந்ததற்குக் காரணம் அவமதிப்பு அன்று; யாரோ ஒருவர் அந்தக் கல்லின் முன் நின்று, இதைப் பிறரும் பார்க்க வேண்டும் என்று நினைத்ததே காரணம். பார்க்கச் சொன்ன பட்டியலை விளையாடும் பட்டியலாக மாற்றியபோதுதான் பிழை நேர்ந்தது. பட்டியல் மாறவில்லை, அங்கே வருபவர் வரும் நோக்கம் மாறியது.

திருச்சுற்று எழுதியது:

கோயில்களில் மரபுநடை அழைத்துச் செல்பவள் நான். ஆகவே எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஓர் இடத்தின் மேல் இன்னொரு படலம் போடுவது நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் உள் சுற்றுப்பாதையில் சோழர் ஓவியங்களுக்கு மேலேயே நாயக்கர் காலத்தில் சுண்ணம் பூசி வேறு ஓவியங்கள் தீட்டினார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, மேற்படலம் உதிர்ந்த இடங்களில் அடியில் வேறு கோடுகள் தெரிவதைக் கண்டறியும் வரை, அங்கே சோழர் ஓவியம் இருப்பதே வெளியுலகுக்குத் தெரியாது. பின்னர் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்களைச் சிதையாமல் பெயர்த்தெடுத்துத் தனியே காட்சிக்கு வைத்தார்கள். அந்தப் பாதைக்குள் பொதுமக்கள் இயல்பாகப் போய்வர முடியாது. மிகை மெய்ம்மை எனக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய இடம் இதுதான்: எதையும் பெயர்க்காமல், ஒரே சுவரில் இரண்டு காலத்தையும் மாற்றி மாற்றிக் காட்ட முடியும்.

அப்படியிருந்தும் எனக்குத் தயக்கம் உண்டு. நாயக்கர் காலத்தில் மேலே தீட்டியவர்கள் அந்தக் கோயிலுக்குப் பொறுப்பேற்றிருந்தவர்கள். தாங்கள் தீட்டியதை அங்கேயே விட்டுச் சென்றார்கள், நாம் இன்று அதைப் பார்த்துப் பாராட்டவோ குறைசொல்லவோ முடிகிறது. இந்தப் புதிய படலங்களோ நடத்துபவர் கடையைக் கட்டியதும் தடயமின்றிப் போய்விடுகின்றன. மைன்கிராஃப்ட் எர்த் 2021 ஜூனில் மூடப்பட்டது. அதில் மக்கள் கட்டிவைத்தவற்றை இன்று எங்கே போய்ப் பார்ப்பது?

அனுமதி பற்றி: 2016இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு வந்தது. போக்கிமான் விளையாட்டில் வழிபாட்டிடங்களில் முட்டைகள் தோன்றுகின்றன, அது இந்துக்களின், சமணர்களின் உணர்வைப் புண்படுத்துகிறது என்பது முறையீடு. நீதிமன்றம் விளையாட்டு நிறுவனத்துக்கு அறிவிக்கை அனுப்பியது. அந்த ஆண்டு டிசம்பர் வரை விளையாட்டு இந்தியாவில் முறைப்படி வெளியாகவே இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சிரிக்கத் தோன்றும், ஆனால் நான் சிரிக்கவில்லை. சேவையகத்தில் இருக்கும் ஒரு பதிவுதானே என்று நங்கூரம் தம்பி சொல்வது சரி. ஆனால் கருவறை முன் நின்று கைப்பேசியை உயர்த்துபவரின் கை சேவையகத்தில் இல்லை, என் முன்னே இருக்கிறது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியையே தடைசெய்ய உத்தரவிட்டது. படத்தை யார் வைத்தார் என்று தேடாமல், பார்க்கும் கருவியை வாசலிலேயே வாங்கிவைத்துக்கொண்டார்கள். முரட்டுத்தனமான தீர்வுதான். கண்ணாடியே கருவியாகும் காலத்தில் பார்வை மங்கிய ஒருவரிடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்களா என்பது எனக்குத் தெரியவில்லை.

தெருவிளக்கு எழுதியது:

நான்கு பதில்களையும் இரண்டு முறை படித்தேன். மதில் உவமையைத் திரும்பப் பெறுகிறேன். இடம் தீர்ந்துபோகாத ஒன்றில் ஒட்டுவதை ஆக்கிரமிப்பு என்று சொன்னது பொருந்தவில்லை.

ஆனால் நங்கூரத்தின் எல்லையற்ற படலங்கள் என்ற வாதத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. படலங்கள் எண்ணற்றவை, அவற்றைக் காட்டும் வாயில்கள் சிலவே. 2017 அக்டோபரில் ஸ்னாப்சாட் நிறுவனம் சிற்பி ஜெஃப் கூன்ஸின் பலூன் நாய் முதலான உருவங்களை நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உட்படப் பல நகரங்களின் பொது இடங்களில் தோன்றச் செய்தது. உடனே செபஸ்டியன் எர்ராசுரிஸ் என்ற கலைஞர், கிறுக்கல்கள் நிறைந்த அதே நாயைத் தம் செயலியில் அதே இடக்குறிப்பில் வைத்தார். பொது இடத்தின் மேல் ஒரு நிறுவனம் இலவசமாகப் பொருள் வைக்கலாமா, வாடகை தர வேண்டாமா என்பது அவர் எழுப்பிய வினா. நங்கூரம் சொல்வதுபடி பார்த்தால் அவருடைய நாயும் நிறுவனத்தின் நாயும் சமம். ஆனால் கோடிக்கணக்கானோர் திறக்கும் செயலியில் இருந்தது ஒரு நாய்தான்.

ஆகவே கேள்வியைத் திருத்திக் கேட்கிறேன். படம் வைக்க அனுமதி வேண்டாம். அந்தப் படம் ஆட்களை அந்த இடத்துக்கு வரவழைக்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தால், வரவழைப்பவர் அந்த இடத்துக்குப் பொறுப்பானவரிடம் கேட்க வேண்டுமா, வேண்டாமா? காஸ்பியின் கோழிகளை நினைத்துக்கொண்டு வாய்தா பதில் சொல்லட்டும்.

வாய்தா எழுதியது:

கோழிகளை எனக்கு எதிராகவே திருப்பிவிட்டீர்கள். வரவழைப்பதற்குப் பொறுப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன் அனுமதியைத்தான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர்கள் நியான்டிக் மீது தொடுத்த கூட்டு வழக்கு 2019இல் சமரசத்தில் முடிந்தது. தனிவீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் விளையாட்டு நிறுத்தம் இருந்து, வீட்டுக்காரர் முறையிட்டால், அதை நீக்க வேண்டும். முறையீடுகளைப் பொதுவாக 15 நாளுக்குள் தீர்க்க முயல வேண்டும். பூங்காக்கள் கேட்டுக்கொண்டால் அவற்றின் திறப்பு நேரத்தை விளையாட்டும் மதிக்க வேண்டும். பின் முறையீடு என்ற இந்த வழி நடைமுறையில் ஓடுகிறது. உலகத்தின் எல்லாக் கதவுகளையும் முன்கூட்டியே தட்டிவிட்டு வா என்றால், அதைச் செய்யப் பணமுள்ள பெரிய நிறுவனங்கள் மட்டுமே மிஞ்சும்.

நங்கூரம் எழுதியது:

வாயில்கள் சிலவே என்ற மறுப்பு சரி, ஒப்புக்கொள்கிறேன். அதைவிட முக்கியமாக, நான் முன்பு சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. படம் இடத்தைத் தொடுவதில்லை. ஆனால் படத்தைத் துல்லியமாக நிறுத்துவதற்கு இடத்தின் நகல் தேவைப்படுகிறது. ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். உயர்ந்த கட்டடங்களுக்கிடையே இன்னும் மோசம். ஒரு சிலையின் கையில் பூவை வைக்க அது போதாது. ஆகவே அந்தச் சிலையைப் பல கோணங்களில், பல வெளிச்சங்களில் யாராவது முன்பே பதிவுசெய்து அனுப்பியிருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் தாமாக முன்வந்து அனுப்பிய பதிவுகளும் சேர்ந்து, 1 கோடி இடங்களைப் பதிவுசெய்திருப்பதாக நியான்டிக் 2024 நவம்பரில் எழுதியது. அவற்றைக் கொண்டு உலகின் இடங்களைப் புரிந்துகொள்ளும் ஒரு பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரியை உருவாக்குவதாகவும் அறிவித்தது. 2025இல் போக்கிமான் கோ உள்ளிட்ட விளையாட்டுகளை வேறு நிறுவனத்துக்கு 350 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்து, இந்த இடப்பதிவுத் தொழிலைத் தனி நிறுவனமாக வைத்துக்கொண்டார்கள். எதை விற்றார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள்.

வாய்தா சொன்ன டைம்ஸ் சதுக்க வழக்கில் லேசர் ஒளி சுவரில் பட்டுத் திரும்பியது என்றார்கள். இப்போது திரும்பிய ஒளியிலிருந்து கிடைத்ததே சரக்காகிறது. திருச்சுற்று அம்மா கேட்ட ‘மூடினால் எங்கே போய்ப் பார்ப்பது’ என்ற கேள்விக்கும் பாதி பதில் இதில் இருக்கிறது: விளையாட்டு மறைந்தாலும் இடத்தின் நகல் அவர்களிடம் தங்கக்கூடும்.

கண்மை எழுதியது:

வெகுநாளாகப் படிப்பவள், முதல்முறை எழுதுகிறேன். இடத்துக்கே இவ்வளவு என்றால், ஆளின் மேல் வைக்கும் படலத்துக்கு என்ன சொல்வீர்கள்? 2024இல் ஹார்வர்டு மாணவர் இருவர், கேமரா பொருத்திய மூக்குக்கண்ணாடியையும் முகத்தேடல் சேவையையும் இணைத்து, வழியில் செல்லும் அந்நியரின் பெயரையும் முகவரியையும் கைப்பேசியில் வரவழைத்துக் காட்டினார்கள். ஆபத்தை உணர்த்தவே செய்தோம் என்று மென்பொருளை வெளியிடாமல் வைத்துக்கொண்டார்கள். என் முகத்திலிருந்து 40 மீட்டருக்குள் எதுவும் வைக்காதே என்று நான் எங்கே முறையிடுவது? பின் முறையீடு என்ற வாய்தாவின் வழி, படலம் இருப்பதே தெரியாத ஒருவருக்கு எந்தப் பயனும் தராது.

முட்டைவேட்டை எழுதியது:

கண்மை அவர்களின் கடைசி வரி என்னை உறுத்தியதால், எழுத வேண்டாம் என்றிருந்த ஒன்றை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் புலியோடு பொருதும் வீரன் ஒருவனைச் செதுக்கிய நடுகல் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதை ஓர் இட விளையாட்டுக்குப் பரிந்துரைத்தவன் நான்தான். படம் எடுத்து, கல்லின் அமைப்பைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பினேன்; ஏற்கப்பட்டபோது பெருமையாக இருந்தது. ஆடியில் அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைக்கும் நான்கு குடும்பங்கள் ஊரில் உண்டு. அவர்களிடம் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. கல்லைத் தொடப்போவதில்லையே என்று நினைத்தேன், நங்கூரம் முதலில் எழுதியதுபோலவே. பிறகு இரவு பத்து மணிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள் கரையில் வந்து நிற்பதும், விளக்கை அணைக்காமல் பத்து நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதும் வழக்கமாயிற்று. அந்தக் குடும்பங்கள் திருடர்கள் என்று எண்ணி, முறைபோட்டுக் காவலுக்குப் படுத்தார்கள். எதற்காக வருகிறார்கள் என்பது மூன்று மாதம் வரை அவர்களுக்குத் தெரியாது. கண்மை சொல்வது அதுதான்: எங்கே முறையிடுவது என்ற கேள்விக்கு முன்னால், முறையிட ஒன்று இருக்கிறது என்பதே தெரிய வேண்டும். இறுதியில் நானே போய்ச் சொல்லி, நானே நீக்கக் கோரினேன், நீக்கப்பட்டது.

சென்ற மாதம் அதே கரையில் உள்ள பழைய படிக்கிணற்றைப் பரிந்துரைக்கலாமா என்று கேட்க அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். கைப்பேசியில் எப்படித் தெரியும் என்று விளக்கிக் காட்டினேன். படத்தை அவர் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள், எந்த நேரத்தில் வருவார்கள், படியில் இறங்கும்போது செருப்பைக் கழற்றுவார்களா என்று கேட்டார். முதல் இரண்டுக்கு என்னிடம் விடையில்லை. மூன்றாவதைக் குறிப்பில் எழுதிவிடுகிறேன் என்றேன். எழுதினால் படிப்பார்களா என்றார். இன்னும் அனுப்பவில்லை.